திருப்பாமல் போட்ட வளைகோடு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி அந்தக் கூடத்தில் அவள் எல்லோருக்கும் புள்ளியம்மா. பார்வையற்றவர்களுக்கான பாடப் புத்தகங்களும் வினாத்தாள்களும் தயாராகும் இடம் அது. எழுத்துகளை மிஷின் தடதடவென்று அடித்துத் தள்ளிவிடும். படம் என்று வந்துவிட்டால் மிஷின் கையை விரித்துவிடும். முக்கோணம், வட்டம், இதயத்தின் அறைகள், ஆறு ஓடும் பாதை என்று எதுவானாலும் தொட்டால் தெரிகிற மேட்டுப் புள்ளிகளாகக் கையால் போட்டுக் கொடுப்பவள் புள்ளியம்மாதான். பதினொரு வருடத்தில் அவள் போட்ட புள்ளிகளை யாராவது எண்ண உட்கார்ந்தால் எண்ணி முடிப்பதற்குள் அவருக்குப் பென்ஷன் வந்துவிடும்.

அதற்கு முன் அவள் ஒரு தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அளவுத் தாளிலிருந்து துணிக்குத் தடம் எடுக்க மரப்பிடி போட்ட பல்சக்கரம் ஒன்று உண்டு. உருட்டினால் புள்ளி புள்ளியாக விழும். கூடத்துக்கு அவள் முதன்முதலில் வந்ததே சன்னல் திரைக்கு அளவெடுக்கத்தான். படம் போட்டுக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய், எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம். மேசையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம சக்கரமாச்சே!" என்று எடுத்து ஒரு பூவை உருட்டிக் காட்டினாள். மறுநாளே வேலை கிடைத்தது. அந்தச் சன்னலுக்குத் திரை இன்றுவரை வரவில்லை.

தையலிலும் சரி, இதிலும் சரி, ஆளைக் கவிழ்க்கிற இடம் ஒன்றுதான். இடம் வலம். தையல் கடையில் ஒருமுறை ஒருவருடைய கோட்டுக்கு இரண்டும் இடது கையாகவே வெட்டிவிட்டாள். முதலாளி கத்தவில்லை. துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரெண்டு இடது கை இருக்கிற ஆளா பாத்து நீயே கூட்டிட்டு வந்துடும்மா" என்றார். கத்தியிருந்தால் அவள் எப்போதோ மறந்திருப்பாள்.

புள்ளி போடும் வேலையில் இந்த இடம் வலம் இன்னும் பொல்லாதது. மேடு முன்பக்கம் எழும்ப வேண்டும் என்றால் பின்பக்கம்தான் குத்த வேண்டும். பின்பக்கம் குத்துவது முன்பக்கம் இடம் வலம் மாறித் தெரியும். அதனால் ஊடு தெரியும் மெல்லிய தாளில் படத்தைக் கறுப்புப் பென்சிலால் வரைந்து, அந்தத் தாளைக் கவிழ்த்து, பென்சில் கோடு அடியில் போகும்படி வைத்து, அதன்மேல் சக்கரத்தை உருட்ட வேண்டும். திருப்ப மறந்தால் படம் கண்ணாடியில் பார்த்தது போல வந்து நிற்கும். முக்கோணம் மாறினால் யாரும் சாகப்போவதில்லை. சில படங்கள் மாறினால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படிப்பட்ட படங்களில் முதலிடம் பல்லுறுப்புக் கோவைகளின் வளைகோட்டுக்கு. பள்ளியில் கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கியவள் புள்ளியம்மா. அப்படி ஒரு வளைகோட்டைப் போடச் சொல்லி முதலில் வந்தபோது, அச்சுப் புத்தகத்தில் இருந்ததை ஒரு நெளிவு விடாமல் படியெடுத்தாள். பின்னால் இருந்த கட்டம் கட்டமான கோடுகளையும் விடவில்லை. பார்க்கக் கண் கொள்ளாத அழகு. அதைத் தூக்கிக்கொண்டு சரிபார்ப்பவரிடம் போனாள். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது; அவர் விரல் படாமல் அந்தக் கூடத்திலிருந்து ஒரு தாள் வெளியே போகாது.

அவர் விரலை வைத்தார். வலது பக்கம் போனார், இடது பக்கம் வந்தார், மறுபடி போனார்.

"ஏம்மா, இது கணக்கா, இல்ல கோழி கிளறிப் போட்ட மண்ணா?"

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க? புத்தகத்துல இருக்கிறத அப்படியே போட்டிருக்கேன்."

"அதுதான் தப்பு. நான் முதல்ல குறுக்கே போற அச்சு எங்கன்னு தேடுவேன். அப்புறம் உன் கோடு அதை எங்கெல்லாம் வெட்டுதுன்னு எண்ணுவேன். கடைசியில ரெண்டு முனையும் மேல போகுதா, கீழ போகுதான்னு பாப்பேன். நடுவுல மேடு எத்தனை அடின்னு யாரு கேட்டா?"

அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அவள் சாப்பாட்டு வேளைகளில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தானாகவே படித்தாள். பதினெட்டு மார்க் தந்த கணக்கு, இருபத்தைந்து வருடம் கழித்து அவளிடம் கொஞ்சம் இறங்கிவந்தது. கோடு கிடை அச்சைச் சந்திக்கிற இடங்கள்தான் கோவையின் பூச்சியங்கள். காரணி ஒருமுறை வந்தால் கோடு அச்சை வெட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அதே காரணி இரண்டு முறை வந்தால் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். பெரிய படி, அதாவது மிகப் பெரிய அடுக்கு, ஒற்றைப்படை என்றால் இரண்டு முனைகளும் எதிரெதிர்த் திசையில் போகும். இரட்டைப்படை என்றால் இரண்டும் ஒரே திசையில். அந்தப் பெரிய படியின் கெழு, அதாவது அதன் முன்னால் நிற்கிற எண், மிகையா குறையா என்பதைப் பொறுத்து மேலா கீழா என்பது முடிவாகும். நடுவில் சின்ன உறுப்புகள் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் ஓரத்துக்குப் போனால் பெரிய படி வைத்ததுதான் சட்டம். அவளுக்கு இது தன் புகுந்த வீட்டுக் கதை மாதிரியே இருந்தது. அதனால் மறக்கவில்லை.

பிறகு அவளாகவே ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தாள். கோடு அச்சைத் தொட்டுத் திரும்புகிற இடத்தில் இரண்டு புள்ளி வரிசைகளும் ஒட்டிக்கொண்டு விரலை ஏமாற்றும். அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைத் தூக்கி, ஒரு புள்ளி அளவு இடம் விட்டு, மறுபடி இறக்குவாள். வெட்டுகிற இடத்தில் தூக்க மாட்டாள். சரிபார்ப்பவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு என்று அர்த்தம்.

இந்தப் படங்களைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னவள் வேறொருத்தி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். முப்பத்திரண்டு வயது, ஐந்து வயதில் பார்வை போனது. சனிக்கிழமை தவறாமல் கூடத்துக்கு வந்து பயிற்சித் தாள்களைத் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். "அக்கா, இங்க வெட்டுதா, தொடுதா? தெளிவா சொல்லுங்க, நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு லைன் மாத்தி விடுறவ, என்னையே குழப்புறீங்களே!" என்று சண்டைக்கு வருவாள். அவளுக்குக் கணக்கில் பட்டம் படிக்க வேண்டும். கல்லூரியில் "உங்களுக்கு எதுக்கும்மா கணக்கு? வேற ஏதாவது எடுத்துக்கங்களேன்" என்று தேன் தடவிச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. நுழைவுத் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம் என்பது விதி. முதல் இரண்டு முறையும் படக் கேள்விகளில் கோட்டை விட்டாள். அப்போது படம் போட்டது வேறு எங்கோ. மூன்றாவது முறைக்கான வினாத்தாள் புள்ளியம்மாவின் மேசைக்கு வந்தது.

கணக்குத் தேர்வு எழுதுகிறவர்கள் நான்கே பேர். ஐந்து படம், நான்கு பிரதி, ஆக இருபது தாள். மூன்றாவது படமும் ஐந்தாவது படமும் வளைகோடுகள். எல்லாவற்றையும் போட்டு, சரிபார்ப்பவர் தொட்டு, சரி என்று சொல்லி, அதை ஒரு வாரத்துக்கு முன்பே சீல் வைத்து அனுப்பியாகிவிட்டது. புள்ளியம்மாவும் அதை மறந்துவிட்டு அறிவியல் பாடத்துத் தவளைகளில் மூழ்கிவிட்டாள்.

தேர்வு நாள் காலை ஏழு மணிக்கு அவள் குளியலறையில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அழுக்குத் துணிப் பையின் அடியில் கிடந்த நீலக் கோட்டைக் கையில் எடுத்தாள். சக்கரம் உருட்டும்போது மட்டும் மேலே போட்டுக்கொள்கிற கோட்டு. சீல் வைத்த அன்று போட்டிருந்தது. வாளித் தண்ணீரில் முக்கியபோதுதான் வலது கை விளிம்பைப் பார்த்தாள். விளிம்பு முழுக்கக் கறுப்பு. பென்சில் கறை.

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோட்டை வாளியிலிருந்து வெளியே இழுத்தாள்.

தாளைத் திருப்பிப் போட்டால் பென்சில் கோடு அடியில் போய்விடும், கையில் ஒட்டாது. அவள் கோட்டுக் கையில் பதினொரு வருடமாகப் பென்சில் கறை பட்டதே இல்லை. பட்டிருக்கிறது என்றால் பென்சில் கோடு மேலே இருந்திருக்கிறது. திருப்பாமலே உருட்டியிருக்கிறாள்.

எப்போது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் சரிபார்ப்பவர் காய்ச்சல் என்று சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார். தாள்களைச் சேர்த்துக் கட்டும்போது துளை போடும் மிஷின் ஒரு தாளைக் கடித்துக் கிழித்துவிட்டது. மூன்றாம் எண் பிரதியில் ஒரு தாள். சீல் வைக்க வந்தவர் அரக்கை உருக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆறிடும்மா, ஆறிடும்மா" என்று தலைமேல் நின்றார். அவசர அவசரமாக ஒரே ஒரு தாளை மறுபடி போட்டாள். அச்சின் எண்களை எப்போதும் தனியாகத்தான் குத்துவாள்; அவை எல்லா வளைகோட்டுத் தாளிலும் ஒன்றேதான் என்பதால் பார்க்காமலே குத்தினாள். அந்தத் தாளை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

சக்கரம் உருட்டினாள் என்றால் வளைகோடு. மூன்றாவது படமா, ஐந்தாவது படமா? அதுதான் நினைவில்லை. எட்டு வளைகோடுகளை ஒரே நாளில் போட்ட கைக்கு ஒன்பதாவது எது என்று எப்படித் தெரியும்?

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? பாம்பா?"

"நான் திருப்பலைங்க."

"எதை?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, இப்ப நீ வாயைத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, நட்டை முடுக்குவதற்கு முன் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பதுபோலக் கேட்டார்.

"யாருக்கும் தெரியாதுங்க. எழுதுறவங்களுக்கே தெரியாது. படத்துல இருக்கிறதத்தான் எழுதுவாங்க. திருத்துறவரு தப்புன்னு கோடு போடுவாரு. என் தப்பு அவங்க தலையில விழும். இவங்களுக்கெல்லாம் கணக்கு வராதுன்னு வேற சொல்லுவாங்க."

"அப்ப கிளம்பு" என்றார் அவர். "வண்டியை எடுக்கிறேன்."

அவள் சரிபார்ப்பவருக்குப் போன் போட்டாள். இருமலோடு எடுத்தவர், முழுவதும் கேட்டுவிட்டு, "தேர்வு நடக்கிற இடம் எங்க வீட்டுக்குப் பக்கம்தான். வந்து நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அவள் சக்கரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஈரக் கோட்டைப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். கேட்டால் காட்ட வேண்டுமே.

வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் அவள் விரல் சும்மா இருக்கவில்லை. முன்னால் இருந்த முதுகே தாளாகிவிட்டது. முதலில் மூன்றாவது படம். மூன்றாம் படி, மிகைக் கெழு. இடது முனை கீழிருந்து ஏறிவரும். கழித்தல் ஒன்றில் அச்சைத் தொடும். தொட்டுவிட்டுத் திரும்பக் கீழே இறங்கும். பள்ளத்தில் வளைந்து, இரண்டில் அச்சை வெட்டி மேலே போய்விடும். இதைத் திருப்பாமல் போட்டிருந்தால்? தொடுவது கூட்டல் ஒன்றில் வந்துவிடும், வெட்டுவது கழித்தல் இரண்டுக்குப் போய்விடும், இடது முனை மேலே, வலது முனை கீழே. ஒன்றுகூட மிஞ்சாது. பூச்சியங்களைக் கேட்டாலும் தப்பு, கெழுவின் குறியைக் கேட்டாலும் தப்பு. பத்து மார்க் சுத்தமாகத் துடைத்தது மாதிரிதான்.

பிறகு ஐந்தாவது படம். நான்காம் படி. அதை அவள் மனசுக்குள் டபிள்யூ என்றுதான் கூப்பிடுவாள். கழித்தல் இரண்டில் வெட்டி இறங்கி, கழித்தல் ஒன்றில் வெட்டி ஏறி, கூட்டல் ஒன்றில் வெட்டி இறங்கி, கூட்டல் இரண்டில் வெட்டி ஏறும். இரண்டு முனையும் மேலே. விரல் அந்தக் கடைசி முனையைக் கணவர் தோள்பட்டையில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. இதைத் திருப்பினால்?

கூட்டல் கழித்தல் ஆகும், கழித்தல் கூட்டல் ஆகும். இருக்கிற நான்கு எண்களும் அதே நான்கு எண்கள்தான். முனைகள் இரண்டும் மேலேதான். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அது அதே டபிள்யூதான்!

"என்னங்க, அஞ்சாவது படமா இருந்தா ஒண்ணும் ஆகாது!" என்று காதருகே கத்தினாள்.

"அப்ப அஞ்சாவதாவே இருக்கட்டும்" என்றார் அவர், சிக்னலில் காலை ஊன்றிக்கொண்டே. "ஆனா ஒண்ணு. முதல்ல முதுகுல போட்டப்ப நடுவுல விரலைத் தூக்கின. ரெண்டாவதுல தூக்கவே இல்லை."

அது தொடுகிற இடத்தில் விடுகிற இடைவெளி. அவள் கண்ணை மூடி அன்றைய சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தாள். அரக்கின் வாசனை வந்தது. "ஆறிடும்மா" வந்தது. சக்கரம் ஒரே ஓட்டமாக ஓடியதும் வந்தது. நடுவில் தூக்கவில்லை, அது நிச்சயம். அப்படியானால் டபிள்யூ. ஒரு நிமிடம் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்த நிமிடம் இன்னொன்று உறைத்தது. திருப்ப மறந்தவள் தூக்கவும் மறந்திருக்கலாமே? மூன்றாவது படத்தையே இடைவெளி விடாமல் போட்டிருந்தால் ஒரு தப்புக்கு இரண்டு தப்பு. நிம்மதி வந்த வழியே திரும்பிப் போனது.

தேர்வு நடந்த பள்ளி வாசலில் சரிபார்ப்பவர் கம்பளிக் குல்லாயோடு நின்றிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி, தோளில் பை, கையில் வெள்ளைக் கோலோடு ஆபரேட்டர். புள்ளியம்மாவின் செருப்புச் சத்தத்தைக் கேட்டதுமே, "அக்கா! என்னை வழியனுப்ப வந்தீங்களா?" என்று முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். "பயமே இல்லக்கா இந்த வாட்டி. உங்க படம்னு தெரிஞ்சதும் நல்லாத் தூங்கினேன். எனக்கு மூணாம் நம்பர்."

புள்ளியம்மா, "நல்லா எழுதும்மா" என்று எப்படியோ சொல்லி, அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு உள்ளே ஓடினாள். தேர்வுக்கு முன்னால் அவளிடம் இதைச் சொல்லிக் கலவரப்படுத்த மனசு வரவில்லை.

தேர்வு மேற்பார்வையாளர் அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். புள்ளியம்மா சொல்லச் சொல்லக் கண்ணாடி மூக்குக்கு ஏறியது. சொட்டுச் சொட்டாக ஈரம் வடியும் கோட்டை மேசைமேல் வைத்துக் கை விளிம்பைக் காட்டியபோது, தன் கோப்புகளைச் சட்டென்று நகர்த்திக்கொண்டார்.

"ஆக, ஒரு அழுக்குக் கோட்டை வச்சுக்கிட்டு வினாத்தாள் தப்புன்னு சொல்றீங்க."

"ஒரே ஒரு தாள் மேடம். தப்பா இருந்தா இங்கயே உக்காந்து அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தந்துடுவேன். சக்கரம் கையில இருக்கு."

"சக்கரமும் வேண்டாம், ரதமும் வேண்டாம். வெளியிலருந்து ஒரு துண்டுத் தாள் உள்ள போகக்கூடாது. அது விதி." அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "பத்து நிமிஷம் முன்னாடி எழுதுறவங்க எதிர்லதான் உறையைப் பிரிப்போம். சரிபார்க்கிறவர் வேணும்னா அப்ப தொட்டுப் பாக்கலாம். அதுக்கு இடம் இருக்கு. தப்பா இருந்தா, தாள்ல குறைன்னு நான் எழுதி மேல அனுப்புவேன். மார்க் தர்றதும் தராததும் அவங்க இஷ்டம். உங்க மேல நடவடிக்கை வரும், அது தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"வராம எப்படி மேடம் இருக்கிறது?"

 அந்த அம்மாள் ஈரக் கோட்டை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். குரலில் இருந்த முறுக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஒன்பது ஐம்பதுக்குக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே நான்கு பேர், மேற்பார்வையாளர், சரிபார்ப்பவர். வெளியே நீள வராந்தாவில் புள்ளியம்மாவும் அவள் கணவரும்.  அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கணவர் இன்று மூன்று கட்டடங்களில் லிஃப்ட் பார்க்க வேண்டும். அவரோ போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே உறை கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு இருமல்.

கதவு திறந்து சரிபார்ப்பவர் வந்தார். வந்தவர் நேராக விஷயத்துக்கு வர வேண்டாமா? பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மூக்கைத் துடைத்தார். மடித்தார். அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

"அண்ணே!"

"இரும்மா. மூணாவது படத்தை முதல்ல பாத்தேன். அச்சு. கழித்தல் ஒண்ணுல தொடுது, உன் இடைவெளி இருக்கு. ரெண்டுல வெட்டுது. இடது முனை கீழ, வலது முனை மேல. அன்னிக்கு நான் தொட்டுப் பாத்த அதே தாள், பழைய ஆளு."

"அப்ப அஞ்சாவதுண்ணே?" என்று அவள் நெருங்கி வந்தாள்.

"அஞ்சாவது படம் புதுத் தாள். நான் தொட்டது இல்லை, மொறமொறன்னு இருக்கு. வெட்டுற இடத்தை எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன், உனக்காக. நாலு. ரெண்டு முனையும் மேல. கழித்தல் ரெண்டு, கழித்தல் ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு. அச்சுப் பிசகாம இருக்கு."

"அப்ப டபிள்யூவா?"

"நீ அதுக்கு என்ன பேரு வச்சியோ அது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. உள்ளே தேர்வு என்பதால் ஈரக் கோட்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். கணவர் குனிந்து, "முதுகுல போட்டப்பவே நான் சொல்லலை?" என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் ஒத்துக்கொண்டிருப்பாள்.

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "சத்தம்!" என்று அதட்டினார். பிறகு கதவைச் சாத்துவதற்கு முன், "ஆபீஸ் அறையில டீ இருக்கு, போய்க் குடிங்க" என்றார்.

டீயைக் குடித்துவிட்டுச் சரிபார்ப்பவர், "அப்ப நீ திருப்பித்தான் போட்டியோ என்னமோ. கறை வேற எங்கயாவது பட்டிருக்கும்" என்றார்.

"இல்லண்ணே. திருப்பலை. எனக்குத் தெரியும்." அவள் அலுவலகத் தாள் ஒன்றை வாங்கி, மூன்றாம் பிரதி, ஐந்தாவது படம், திருப்பாமல் போட்டது, சரிபார்க்கப்படாமல் சீல் வைத்தது, படத்தில் பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேற்பார்வையாளர் மேசையில் வைத்தாள். சரிபார்ப்பவர் தடுக்கவில்லை. அவள் எழுதி முடிக்கும்வரை அடுத்த டம்ளரை ஊதிக்கொண்டு இருந்தார். கணவர் வேலைக்குக் கிளம்பிப் போனார். அவளும் கிளம்பியிருக்கலாம். மணி அடிக்கும்வரை இருந்துவிட்டே போகலாம் என்று தோன்றியது.

ஒரு மணிக்கு ஆபரேட்டர் வெளியே வந்தாள். நடையிலேயே துள்ளல்.

"அக்கா, இன்னும் இங்கதான் இருக்கீங்களா? பாஸ்தான் அக்கா! எனக்கே தெரியுது. அந்த அஞ்சாவது படம் இருக்கு பாருங்க, சும்மா சொல்லக்கூடாது. மத்ததுல எல்லாம் நீங்க பயந்து பயந்து போட்டிருப்பீங்க, விரல்ல தெரியும். இது ஒரே ஓட்டம். வழுக்கிட்டுப் போச்சு. நாலு பூச்சியம், ரெண்டு முனையும் மேல, இரட்டைப்படை, மிகைக் கெழு, எழுதி முடிச்சு நிமிந்தா ஒரு நிமிஷம்கூட ஆகல. அதை மட்டும் எப்படிக்கா அவ்வளவு அழகா போட்டீங்க?"

பின்னால் சரிபார்ப்பவர் இருமினார். அது காய்ச்சல் இருமல் இல்லை.

புள்ளியம்மாவால் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிழிந்த தாள், அரக்கு, வாளித் தண்ணீர், முதுகு, எல்லாம். ஆபரேட்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அப்ப அது மூணாவது படமா இருந்திருந்தா?"

"உன் பத்து மார்க் போயிருக்கும்மா. உன் கல்லூரியும் போயிருக்கும். என்னை நம்பி நல்லாத் தூங்கினேன்னு சொன்னியே, அதைக் கேட்டப்ப எனக்கு உயிரே இல்லை."

 ஆபரேட்டர் கையை நீட்டினாள். "அந்தக் கோட்டைக் குடுங்க."

புள்ளியம்மா பையைப் பிரித்துக் கொடுத்தாள். ஆபரேட்டர் ஈரத் துணியில் வலது கையைத் தேடிப் பிடித்தாள். விளிம்பின் தையலில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. படத்தைப் படிப்பது போலவே படித்தாள். விரல் அந்தக் கறுப்பின் மேலேயே போனது, வந்தது, எங்கேயும் நிற்கவில்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியலயேக்கா" என்றாள். கோட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, புள்ளியம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம். அந்த மூணாவது படத்துல தொடுற இடத்துல இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம், அதை உங்ககிட்ட சொல்லணும்."